கெய்ரோவிலிருந்து படம் எடுக்க வந்த எங்கள் மதினி

எங்கள் மதினி மறைந்து இந்த ஐப்பசியோடு ஓராண்டு நிறைகிறது. அண்ணன் எழுத உட்கார்ந்து, இரண்டு வரிக்கு மேல் முடியாமல் தாளை என்னிடம் தந்துவிட்டார். ஆகவே தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

மதினி பிறந்தது எகிப்து நாட்டின் கெய்ரோ நகரில். தந்தை சிறு வயதிலேயே காலமாக, தாயார் துணி தைத்து வளர்த்தார். ஆவணப்படக் கலை பயின்ற மதினி, நைல் நதியில் படகையே வீடாகக் கொண்ட மீனவர்களைப் பற்றி முதல் படம் எடுத்தார். அதைப் பார்த்த ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சி, பட்டாசுத் தொழிலாளர்களைப் படமெடுக்க அவரைச் சிவகாசிக்கு அனுப்பியது. அங்கே அச்சகத்தில் வேலை பார்த்த, ஆங்கிலம் தெரிந்த அண்ணன், மொழிபெயர்க்க உடன் சென்றார்.

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் வெடிகளுக்கு மருந்து செலுத்தும் மாரியம்மாளுடன் மதினி இரண்டு மாதம் பழகினார். கேமரா முன் கூச்சமின்றிச் சிரித்துப் பேசுகிற பெண். படப்பிடிப்பு முடிகிற வாரத்தில், மாரியம்மாள் வெடிவிபத்தில் இறந்துபோனார்.

எரிந்த உடல்களைக் காட்டித்தான் படம் தொடங்க வேண்டும் என்றது தொலைக்காட்சி. மதினி மறுத்தார். ஒப்பந்தம் முறிந்தது. பிறகு பல ஆண்டுகள் எவரும் அவரை அழைக்கவில்லை.

அண்ணன் அவரை மணக்க விரும்பியபோது, "பேசுறதே வெளங்காத பிள்ளைய எப்பிடிலே வச்சுக் குடும்பம் நடத்துவ?" என்றார் அப்பா. கல்யாணம் முடிந்த ஆறே மாதத்தில், மதினி வராமல் அப்பா சாப்பிட உட்காரமாட்டார் என்றானது.

ஒரு நாள் காலையில் மாரியம்மாளின் தாயார் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எம் மக பேசுனத வச்சிருக்கீகளாமே தாயி. ஒருக்க காட்டுறீகளா?"

மதினி போட்டுக் காட்டினார். அந்த அம்மா டிவி பக்கத்தில் போய் அமர்ந்து, "சத்தத்தக் கூட்டுங்க" என்று மட்டும் சொன்னார். அவர் போன பிறகு மதினி அடுக்களையில் அழுதுகொண்டிருந்தார். கெய்ரோவில் அவருடைய தாயார் இறந்து அப்போது நான்கு மாதம்.

"ஊர்ல எல்லாரையும் எடுத்தேன். எங்கம்மாவ எடுக்கல" என்றார்.

பாதியில் நின்ற அந்தப் பட்டாசுப் படத்தைத் தாமே முடித்து, முதலில் நாரணாபுரத்தில்தான் திரையிட்டார். பின்னர் மல்லாங்கிணற்றில் மழையை மட்டும் நம்பிப் பயிரிடும் மானாவாரி விவசாயிகளைப் பற்றியும் ஒரு படம் எடுத்தார். ஒவ்வொரு தீபாவளி சீசன் முடிந்ததும், "அடுத்த வருசம் ஊருக்குப் போகணும்" என்பார். கடைசியில் கெய்ரோவுக்கு டிக்கெட் எடுத்தபோது புற்றுநோய் முற்றியிருந்தது. பயணம் கூடாது என்றார் மருத்துவர்.

இறுதி மூன்று நாள் மதினி அரபியில் மட்டுமே பேசினார். எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அண்ணன் அவருடைய கேமராவிலேயே அதைப் பதிவு செய்தார்.

மருத்துவமனையில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், தம் வீட்டுப் பெண்ணாக எண்ணி நல்லடக்கம் செய்த பள்ளிவாசல் ஜமாத்தாருக்கும், மூன்று நாளும் தலைமாட்டை விட்டு நகராத மாரியம்மாளின் தாயாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணன் எடுத்த அந்தப் பதிவைக் கேட்டுப் பொருள் எழுதி அனுப்பிய, கெய்ரோவிலுள்ள மதினியின் தங்கைக்கும் எங்கள் நன்றி. மூன்று நாளும் மதினி ஒன்றையேதான் சொல்லியிருக்கிறார்:

"அம்மா, கதவைத் திற. நான்தான் வந்திருக்கிறேன்."