மலீஹா சமவெளியில் பதினேழாம் எண் புல்

துபாயில் ஒன்பது வருடமாகப் புல் பிடுங்குகிறேன். வில்லாக்களின் தோட்டங்களைப் பராமரிக்கும் கம்பெனியில் வேலை. நடாமல் முளைத்தது எதுவும் கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதான் எங்கள் சட்டம். பாலைவனப் புல் வளர்க்கும் ஒரு நர்சரியில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். ஒரு களப்பயணத்தில் கலந்துகொள்ளுங்கள், நடத்துபவர் நல்லவிதமாகச் சொன்னால் பார்க்கலாம் என்றார்கள். அப்படித்தான் ஜனவரி கடைசி ஞாயிறன்று மலீஹா போனேன். லீவு நாளிலும் புல்லா என்று ரூமில் எல்லாரும் சிரித்தார்கள்.

துபாயில் நாங்கள் தங்கியிருக்கும் தேராவிலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். கார் ரூம் நண்பன் ஆன்றனியுடையது. கன்னியாகுமரிக்காரன், ஏசி மெக்கானிக், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன். சுமார் எழுபது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். பெட்ரோலில் என் பங்கு இருபது திர்ஹாம், சாயாவும் பரோட்டாவும் ஐந்து. களப்பயணத்துக்குக் கட்டணமில்லை, முன்பதிவு கட்டாயம்.

நடத்தியவர் நஸ்ரின், வயது இருபத்தாறு. காயல்பட்டினத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் தேராவில். முதலில் எங்கள் பன்னிரண்டு பேரையும் ஒரு குன்றின் மேல் ஏற்றினார். இருபது நிமிட ஏற்றம், எனக்கு மூச்சு வாங்கியது. கிழக்கே ஹஜர் மலை. அங்கே பெய்கிற மழை, இங்கே வாதி என்று சொல்லும் காட்டாற்றுத் தடங்கள் வழியாக இறங்கி, இந்தச் சரளைச் சமவெளியில் பரவி மண்ணுக்குள் போகிறது.

"இங்க மேகமே இருக்காது அண்ணா, ஆனா தண்ணி வரும். நாம நிக்கிற கிரவுண்ட் ஃபுல்லா அந்த மலையோட மழைய வாங்குற இடம்தான்" என்றார்.

கீழே இறங்கி ஒரு சோதனை செய்தோம். அடியில்லாத டின்னை மண்ணில் அழுத்தி அரை லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டும். புல் தூருக்குப் பக்கத்தில் ஐம்பது விநாடியில் வற்றிவிட்டது. வண்டி ஓடி இறுகிய வெற்றுத் தரையில் ஏழு நிமிடமாகியும் தேங்கி நின்றது. தண்ணீரைத் தரைக்குள் இறக்குவதே புல்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வெட்கமாக இருந்தது.

அடுத்து, கயிறு கட்டிய ஒரு மீட்டர் சதுரங்களுக்குள் புல்லை எண்ண வேண்டும். எனக்கும் ஆன்றனிக்கும் ஒரு சதுரம். நஸ்ரின் பதிவேட்டை எடுக்க வண்டிக்குப் போனார். பச்சையாக நாலைந்து தூர்களுக்கு நடுவே ஒன்று மட்டும் குச்சி குச்சியாகக் காய்ந்து கிடந்தது. நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய், வேரோடு பிடுங்கி, மண்ணைத் தட்டி, பக்கத்தில் போட்டுவிட்டது. மணலுக்குள்ளிருந்து ஒரு அலுமினியத் தகடும் கூடவே வந்தது. எண் பதினேழு.

ஆன்றனி தகட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மிண்டாம இருடே. செத்த புல்லுதானே. ஒருத்தரும் பாக்கல்ல."

நர்சரி வேலை போச்சு. அவன் சொன்னபடி வாய் திறக்காமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நஸ்ரின் வந்து பதினேழைத் தேடத் தொடங்கியபோது பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நான்தாம்மா புடுங்கிட்டேன். ஒம்பது வருசமா இதே டூட்டி. காஞ்சதக் கண்டா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

அவர் திட்டவில்லை. வேரை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு வேரைச் சுற்றியும் மணல் உறைபோல ஒட்டியிருந்தது. தண்டைக் கீறினார், உள்ளே பச்சை.

"டெட் இல்ல அண்ணா, தண்ணிக்கு வெயிட் பண்ணுது. நாலு வருஷமா இத ஃபாலோ பண்றோம்."

இருவருமாகத் திரும்ப நட்டுத் தண்ணீர் ஊற்றினோம். பதிவேட்டில் 'கையால் பிடுங்கப்பட்டது, மீண்டும் நடப்பட்டது' என்று எழுதினார். "நர்சரில கேட்டா இதையும் சொல்வேன், சாரி" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மூடிய காலணி, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். நிழல் கிடைக்கிறதே என்று வாதிக்குள் வண்டியை நிறுத்தாதீர்கள். மலைப் பக்கம் மேகம் தெரிந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம். காய்ந்த புல்லைத் தொடாதீர்கள். கை துறுதுறுத்தால் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து நர்சரி மேலாளர் அழைத்தார். பிடுங்கியது நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நடத் தெரிந்தவர்கள் எங்களிடம் நிறைய இருக்கிறார்கள், ஆனால் நாங்கள் நடுகிற புல்லையெல்லாம் பராமரிப்பு ஆட்கள் ஒரே மாதத்தில் பிடுங்கிச் சுத்தம் செய்துவிடுகிறார்கள், அவர்கள் மொழியில் அவர்களோடு பேச எங்களிடம் ஆளில்லை என்றார். மார்ச்சில் சேர்ந்தேன். முதல் நாள் என் முன்னால் நின்ற பராமரிப்பு ஆட்கள் பதினோரு பேருக்கும் என் கைகளே இருந்தன.