சாவித் துவாரத்தில் காய்ந்த சந்தனம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே எனக்குள் இழுபறி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், பேனா பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் இந்தச் சம்பவத்தை ஏற்கெனவே வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் அம்மனுக்கு எதிராகப் பேசியதாக ஆகிவிடுமோ என்று பயந்தேன். அவள் பெயரைச் சொல்லாமல் ஒரு நாள்கூட வண்டியைக் கிளப்பியவன் இல்லை நான்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருக்கிறோம். மனைவி மலையில் கொழுந்து எடுக்கிறாள். என்னிடம் ஒரு பழைய கெப் இருக்கிறது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தட்டு. லீக்ஸ், கரட், முட்டைக்கோவா என்று மரக்கறி ஏற்றி நுவரெலியாச் சந்தைக்குக் கொண்டுபோவதுதான் என் தொழில்.

எங்கள் பக்கத்து மழை யாரையும் கேட்டுக்கொண்டு வராது. முதலில் தறப்பாள் போட்டுக் கயிறு கட்டினேன். மேட்டில் வண்டி ஊர்ந்து ஏறும்போது யாரோ பின்னால் கையை விட்டு லீக்ஸ் கட்டை உருவிக்கொண்டு போவார்கள். அதன் பிறகு அமுக்குப் பொத்தான் வைத்த ரப்பர் சீலை ஒன்று வாங்கினேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பாதிப் பொத்தானைக் காணோம். சீலையின் நடுவில் தண்ணீர் தேங்கித் தொப்பை போட்டது. "இதுல ரெண்டு மீனு வுடுங்க, கறிக்காச்சும் ஆகும்" என்றாள் என் மனைவி.

கடைசியில் ஹட்டனுக்குப் போனோம். வண்டிச் சாமான் விற்கும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் எங்களுக்குப் பழக்கம், நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் காட்டியது கடைகளில் இருக்கிற ஷட்டர் போல அலுமினியப் பட்டைகளால் ஆன மூடி. தேவையில்லாதபோது ஆசனத்துக்குப் பின்னால் இருக்கும் பெட்டிக்குள் சுருண்டு போய்விடும். பொத்தானை அமுக்கினால் தானாக ஓடுகிற ஒன்றும் இருந்தது. பனியிலும் மழையிலும் வயர் ஊறிப்போகும் என்று அதை வேண்டாம் என்றேன். கையால் இழுப்பதில் இரண்டு வகை. ஒன்றில், உள்ளே மாட்டிக்கொண்டவர் இழுத்துத் திறந்துகொள்ள ஒரு பட்டி தொங்கும். அது கொழும்பிலிருந்து வர நாளாகும் என்றார். மற்றதில் பட்டி இல்லை, ஆனால் கையோடு மாட்டித் தருவார்.

நானா பட்டி உள்ளதைத்தான் எடுக்கச் சொன்னார். என் மனைவி சிரித்தாள்.

"உள்ளுக்க யாரு நானா படுக்கப் போறா? லீக்ஸா எந்திரிச்சு வந்து கதவத் தொறக்கும்?"

மழை தொடங்கிவிட்டது. நாங்கள் பட்டி இல்லாததையே மாட்டிக்கொண்டு வந்தோம். "இழுத்து மூடினா தானா பூட்டிக்கிரும் தம்பி, சாவி இல்லாம ஒருத்தனுக்கும் தொறக்க ஏலாது" என்று நானா சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பின்கதவும் அதே பூட்டோடு சேர்ந்தது. மூடி விலகாமல் அது இறங்காது. அதற்குப் பிறகு ஒரு கட்டு லீக்ஸ் நனையவும் இல்லை, திருட்டுப் போகவும் இல்லை.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வழக்கப்படி வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, நான்கு சக்கரத்துக்கும் பொட்டு வைத்தோம். கை படுகிற இடமெல்லாம் சந்தனம் வைக்க வேண்டும் என்பது என் மனைவியின் பக்தி. கத்தி, கூடை, வீட்டுப் பூட்டு எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு, மூடியின் ஓரத்துப் பூட்டுக்கும் கட்டை விரலால் நிறைய வைத்து நடுவில் குங்குமம் அழுத்தினாள். சாவித் துவாரம் அம்மனின் நெற்றி மாதிரி இருந்தது. நானும் கும்பிட்டேன். கண்ணேறு படாமல் இருக்க முன் பம்பரில் கம்பியில் கோத்த எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கவிட்டேன். மூடியைச் சுருட்டித் திறந்தபடியே விட்டுவைத்தோம். மழையில்லாத நாட்கள் அவை. நல்ல வெயில்.

பூஜைக்கு அடுத்த நாள் வண்டியின் முதல் ஓட்டம் பாரம் ஏற்றாமல் நல்ல காரியத்துக்குப் போக வேண்டும் என்பது எங்களுக்குள் ஒரு முறை. கோயில் சுண்டலைப் பின்தட்டில் வைத்து, மலையில் வேலை செய்கிற பெண்களுக்குக் கொண்டுபோனேன். ரோட்டோரம் நிறுத்தி இறங்கும்போதே மேலிருந்து சத்தம் கேட்டது. குளவிக் கூடு கலைந்துவிட்டது.

கூடைகள் உருண்டன. பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு நாலா பக்கமும் ஓடினார்கள். என் மனைவி ஓடவில்லை. எங்கள் லயத்தில் அடுத்த காம்பரா வீட்டில் இருக்கும் அக்காவை இழுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அந்த அக்காவின் முகத்தில் கண் இருக்கிற இடம் தெரியவில்லை. குளவிகள் அவர்களோடு கூடவே வந்தன. முன் ஆசனத்துக்குச் சுற்றி வர நேரமில்லாமல் இருவரும் பின்தட்டில் ஏறி விழுந்தார்கள்.

"மூடுங்க, அத இழுத்து மூடுங்க" என்று மனைவி கத்தினாள்.

இழுத்தேன். டக்கென்று பூட்டிக்கொண்டது. என் கழுத்திலும் காதிலும் கொட்டு விழுந்தது. கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றி, ஆசுபத்திரியை நோக்கி வண்டியை விட்டேன்.

தேயிலை மலை தாண்டி முதல் வளைவு வருவதற்குள் பின்னாலிருந்து தட்டத் தொடங்கினாள். முதலில் கையால், பிறகு காலால். வண்டியை ஓரம் கட்டி ஓடினேன். பட்டைகளுக்கு அடியிலிருந்து அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"அக்காவுக்கு மூச்சு இழுக்குதுங்க. இருட்டுல ஒன்னும் தெரியல. தூக்கி உக்கார வைக்கக்கூட எடமில்ல. தொறங்க."

சாவியை எடுத்தேன். உள்ளே போகவில்லை. வெயிலில் காய்ந்த சந்தனம் சுண்ணாம்பாக இறுகியிருந்தது. அழுத்திப் பார்த்தேன், சாவிதான் வளையப் பார்த்தது. நகத்தால் சுரண்டினேன். மேலே வைத்த பொட்டு பெயர்ந்ததே தவிர, துவாரத்துக்குள் இறங்கியிருந்தது அசையவில்லை.

அந்த வழியாக வந்த சிங்களத் திரீவீல்காரர் ஒருவர் நிறுத்தினார். நான் பாதிச் சிங்களத்தில் சொன்னதைப் புரிந்துகொண்டு, ஜாக்கிக் கம்பியைக் கொடுத்து மூடியை உடைக்கச் சொன்னார். கம்பியை ஓங்கிவிட்டேன். ஓங்கின பிறகுதான் உறைத்தது. பட்டைக்கும் அவர்கள் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கும். உடைகிற பட்டை யார் மேல் இறங்கும்? கை அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே இருந்து மனைவியின் குரல் மட்டும் கேட்டது. அந்த அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். "இந்தா அக்கா, என் கைய இறுக்கிப் புடி. வுட்டுறாத. அந்தாளு தொறந்துருவாரு." எனக்கு அவள் அழைத்ததைவிட இது பெரிய அடியாக இருந்தது. அக்காவின் குரல் இல்லை. விசில் ஊதுவது போல மூச்சு மட்டும் வந்தது.

மெல்லிசாக ஏதாவது வேண்டும். திரீவீல்காரரின் திருப்புளி துவாரத்தைவிடத் தடிமன். அப்போதுதான் முன்னால் தொங்கிய எலுமிச்சம்பழம் கண்ணில் பட்டது. பூஜையில் கட்டியதை அடுத்த நாளே அறுப்பதா? ஒரு நொடி என் கை தயங்கியது உண்மை. "தாயே, உன் காரியந்தான் இது" என்று சொல்லி இழுத்தேன். பழமும் மிளகாயும் ரோட்டில் சிதறின. கம்பி என் கையில்.

குடிக்க வைத்திருந்த போத்தல் தண்ணீரைத் துவாரத்தில் ஊற்றி ஊற்றிக் கம்பியால் தோண்டினேன். முதலில் மஞ்சளாக ஒழுகியது, பிறகு குங்குமம் கலந்து சிவப்பாக. ஈரத்தில் கம்பி வழுக்கியது. நான் தோண்ட, திரீவீல்காரர் தண்ணீர் விட்டார். சாவி பாதி போனது. வெளியே எடுத்து மறுபடி தோண்டினேன். கடைசியில் சாவி அடி வரை இறங்கி, மணல் அரைபடுவது போல ஒரு சத்தத்தோடு திரும்பியது.

மூடியைத் தள்ளினோம். என் மனைவியின் தாடையும் உதடும் வீங்கியிருந்தன. அக்காவின் தலையைத் தன் கையில் ஏந்தியபடியே கிடந்தாள். அக்காவைத் தூக்கி முன் ஆசனத்தில் நிமிர்த்தி உட்கார வைத்தோம். மனைவி பக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். ஆசுபத்திரியில் இறக்கியதும் ஊசி போட்டு மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். சாயங்காலம் அக்கா வாய் திறந்து முதலில் கேட்டது, "என் கொழுந்துக் கூட எங்க?" என்றுதான்.

மறுவாரம் ஹட்டனுக்கு மறுபடி போனோம். நானா ஒன்றும் குத்திக்காட்டவில்லை. கொழும்புக்குச் சொல்லி வரவழைத்து, சாமான் வந்த நாளில் உள்ளே பட்டி வைத்த பூட்டை மாட்டினார், சாவித் துவாரத்துக்கு ஒரு சின்ன மூடியும் போட்டார். கடை வாசலில் என் மனைவி பின்தட்டில் ஏறிப் படுத்துக்கொண்டு, மூடச் சொன்னாள். மூடினேன். பட்டியை இழுக்கிற சத்தம், பிறகு வெளிச்சத்தில் அவள் முகம்.

"இப்ப லீக்ஸ்கூட எந்திரிச்சு வரலாம்" என்றாள். சிரிக்கவில்லை.

சந்தனம் இப்போதும் வைக்கிறோம். பெட்டியின் பக்கவாட்டில், துவாரம் எதுவும் இல்லாத இடத்தில்.

கோயிலில் சொல்லும் கதையில் அம்மனே வந்து மூடியைச் சாத்தி குளவியைத் தடுத்தாள். நான் ஊற்றியது தீர்த்தம். என் கையில் இருந்தது வேல். அந்த அக்காவே கைகூப்பி அப்படித்தான் சொல்கிறார். அவர் நம்பிக்கையைக் கலைக்க மனமில்லாமல் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். ஆனால் போன ஆயுத பூஜைக்கு ஹட்டனில் என் கெப் மாதிரியே மூடி போட்ட ஒரு வண்டியைக் கண்டேன். பூட்டு தெரியாத அளவுக்குச் சந்தனம் அப்பியிருந்தது. வண்டிக்காரரைக் கேட்டேன். மஸ்கெலியாப் பக்கம் ஒரு பூட்டுச் சந்தனம் இரண்டு உயிரைக் காப்பாற்றியதாம், அதனால் வைத்தாராம். அங்கேயே நின்று, அவரிடமே போத்தல் தண்ணீர் வாங்கிக் கழுவிவிட்டேன்.

அதனால்தான் இதை எழுதினேன். அம்மன் அன்று அந்த வளைவில் இருந்தாள். என் ஓங்கிய கையைப் பிடித்தது அவள்தான் என்று நான் சாகும்வரை நம்புவேன். ஆனால் ஊற்றியது லயத்துக் குழாய்த் தண்ணீர். தோண்டியது எலுமிச்சம்பழக் கம்பி. கூட நின்றவர் பெயர் கேட்க மறந்துபோன ஒரு திரீவீல்காரர். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து நாலு வண்டிக்காரர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது தண்ணீரைத் தண்ணீர் என்றும் கம்பியைக் கம்பி என்றுமே சொல்லுங்கள். உள்ளே பட்டி இருக்கிறதா என்று கேட்கச் சொல்லி முடியுங்கள். இதில் ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.