கெல்வினுக்காகக் கட்டிய இரட்டைப் படகு

நோலீன் டகெட்டின் கணவன் கெல்வின் எந்தப் படகில் ஏறினாலும் வாந்தி எடுப்பான். நியூசிலாந்தின் கோரமண்டலில், மீன்பிடிக்கப் போகாத ஆண்பிள்ளையைச் சந்தேகத்தோடு பார்க்கிற ஊரில், இது சின்னக் குறை அல்ல. கெல்வினுக்கோ தூண்டில் என்றால் உயிர். ஞாயிறுதோறும் யார் படகிலாவது தொற்றிக்கொண்டு போவான். வெளுத்த முகத்தோடு திரும்புவான்.

"கெல்வின் வந்தா இரை வாங்கவே வேணாம். அவனே கொட்டிருவான்." மீன்பிடிக் கழகத் தலைவர் கிராட்டன் பெல் இதைச் சொல்லிச் சொல்லி அலுக்கவே இல்லை.

நோலீன் பள்ளிக்கூடத்துப் பல் மருத்துவ அறையில் நர்ஸாகவே காலம் தள்ளியவள். பிள்ளைகள் அந்த அறைக்கு வைத்திருந்த பெயர் கொலைக்கூடம். இன்று தொப்பையும் வழுக்கையுமாகத் திரிகிற ஆண்களில் பாதிப் பேர் அவளுடைய துளைக்கருவிக்கு அழுதவர்கள். தெருவில் அவளைக் கண்டால் இப்போதும் வாயை இறுக்க மூடிக்கொள்வார்கள். ஓய்வு பெற்ற கையோடு அவள் சொன்னாள்: "ரெண்டு உடம்பு வச்ச படகு கடல்ல நிறுத்தினாலும் உருளாதாம். உனக்கு ஒண்ணு கட்டப் போறேன்."

"ஒரு உடம்பையே உன்னால மேய்க்க முடியல" என்று கெல்வின் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினான்.

வரைபடம் தேடியது தனிக் கூத்து. குவீன்ஸ்லாந்துக்காரர் ஒருவர் அனுப்பியது அருமையான படம்தான். ஆனால் அந்தப் படகை வீட்டை இடித்துவிட்டுத்தான் நிறுத்தவேண்டும். இணையத்தில் சும்மா கிடைத்ததை, ஏரியில் வாத்து பார்க்கப் போகிற யாரோ வரைந்திருக்கவேண்டும். இன்னொன்றில் எல்லாம் சரி, உட்கார்ந்து தூண்டில் போடத்தான் இடமில்லை. கடைசியில் சுவரில் ஒட்டியது போக மிஞ்சிய காகிதச் சுருளைச் சாப்பாட்டு மேசையில் திருப்பிப் போட்டு, அவளே வரைய உட்கார்ந்தாள். முதல் வேலையாகக் கெல்வினைத் தரையில் படுக்கவைத்து அளவெடுத்தாள்.

"இது படகுக்கா, சவப்பெட்டிக்கா?"

"எது முன்னால தேவைப்படுதோ அதுக்கு."

அந்தப் படத்தின்படி ஒட்டுப்பலகையில் ஒரு குட்டிப் படகு செய்தாள். பக்கத்து வீட்டு ஹேமி சிப்பிப் பண்ணையில் வேலை பார்ப்பவன். அவனுடைய சிறு படகின் பின்னால், மீன் நிறுக்கும் வில் தராசில் கயிற்றைக் கட்டி இந்தக் குட்டியை இழுத்துப் பார்த்தார்கள். இழுவை எவ்வளவு என்று தராசு காட்டும். குட்டியோ டம் டம் என்று அலறியது. இரண்டு உடலையும் இணைக்கிற தளம் தாழ்ந்துபோய், ஒவ்வொரு அலையும் அடியில் மோதியது.

"நர்சம்மா, கீழேயிருந்து யாரோ கதவத் தட்டுறாங்க" என்றான் ஹேமி.

தளத்தை உயர்த்தினாள். அடுத்த குட்டி பக்கவாட்டில் குடை சாய்ந்தது. அதற்கடுத்தது ஒழுங்காக ஓடியது.

கொட்டகையில் படகு எழும்ப இரண்டு குளிர்காலம் ஆயிற்று. பலகை மூலைகளில் பசையை அடைத்து வழிக்கும்போது நோலீனின் கை சொத்தைப் பல்லை அடைப்பது போலவே போகும். உதவிக்கு வந்த ஹேமி எட்டியே நிற்பான். "வாயத் திறன்னு மட்டும் சொல்லிராதீங்க."

கடலில் இறக்கிய அன்று கிராட்டன் பெல் யாரும் கூப்பிடாமலே ஏறிக்கொண்டார். கையில் ரொட்டியில் சுருட்டிய சாசேஜ். "ஒரு படகா ரெண்டு படகான்னு முடிவு பண்ணத் தெரியாதவங்க கட்டுறது இது" என்று சொல்லிக்கொண்டே முன்பக்கத்தில் போய் நின்றார். நோலீன் படகின் முன்கண்ணாடிக்குப் பின்னால் சுக்கான் சக்கரத்தைப் பிடித்திருந்தாள். துறையைத் தாண்டியதும் எதிர் அலை. இரண்டு உடலுக்கும் நடுவில் சிக்கிய காற்றும் தண்ணீரும் முன்பக்கமாகப் பீறிட, படகு ஒரு தும்மல் தும்மியது. தலைவரின் தொப்பி கடலோடு போயிற்று. ரொட்டி கூழாயிற்று.

"என்ன எழவு இது?"

"சளி" என்றாள் நோலீன்.

தீவுகளுக்கு அருகே எஞ்சினை நிறுத்தினார்கள். கெல்வின் தூண்டிலைப் போட்டுவிட்டு வாந்திக்காகக் காத்திருந்தான். வரவில்லை. வரவேண்டிய விருந்தாளி வராதது போல வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்தான். பிறகு தொடை அகலத்தில் ஒரு ஸ்னாப்பர் மீனை இழுத்துப் போட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டான். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது பக்க அலை வந்தது. ஒற்றை உடல் படகு மெதுவாக உருண்டு எழும். இது வெடுக் வெடுக்கென்று உதறும். ஆயுளில் ஒருநாளும் குமட்டாத நோலீன் சாம்பல் நிறமாகி விளிம்பைப் பிடித்தாள். கெல்வின் தூண்டிலை எறிந்துவிட்டு அவள் இடுப்பு வாரைப் பற்றினான்.

"காத்துக்கு எதிரா குனியாத. தூரத்துல அந்த மலையப் பாரு. அடக்காத, விட்ரு. அப்புறம் சுகமா இருக்கும்."

"உனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்குல்ல?"

"கொஞ்சம்" என்றான் கெல்வின்.

அடுத்த குளிர்காலத்தில் தளத்தின் அடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு கட்டை சேர்த்தாள். தும்மல் பாதி அடங்கியது. வடகிழக்குக் காற்றில் இன்றும் தும்முகிறது. அவள் வயிற்றுக்குத்தான் வரைபடம் கிடைக்கவில்லை. மாத்திரை விழுங்கி, இஞ்சி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு போகிறாள். சக்கரத்தை விட்டுக்கொடுக்க மாட்டாள்; கெல்வின் ஒருமுறை ஓட்டியதற்குத் துறைமுகத்துத் தூண் இன்னும் சாட்சி. ஊரில் இரண்டு பேர் அவள் படத்தை நகலெடுத்துப் போய்க் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கிராட்டன் பெல் மனைவியை அனுப்பிப் படத்தைக் கேட்டார்.

"அவரையே வரச் சொல்லும்மா" என்றாள் நோலீன்.

அவர் இன்னும் வரவில்லை.