எண்ணுற டீச்சர்

கதவைத் தட்டுவதற்கு முன்னால் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுகிறார். பென்சிலின் பின்முனையால் காற்றில் ஒவ்வொன்றாகத் தொட்டு, ஜோடியில்லாத செருப்பை அரை என்று வைத்து, "அஞ்சரை" என்று தனக்குள் சொல்லிக்கொண்ட பிறகுதான் தட்டுகிறார். கதவைத் திறப்பவர் "வீட்ல மொத்தம் நாலு பேர்" என்றால், "அப்ப அந்த நீலச் செருப்பு யாரோடது?" என்று கேட்பார்.

"அது தம்பியோடது டீச்சர். அவன் வெளியூர்ல இருக்கான்."

"வெறுங்காலோடவா வெளியூர் போனான்?"

பின்கட்டில் யாரோ இருமுவார்கள். தம்பி கணக்கில் சேர்ந்துவிடுவார். அவரை மறைக்கக் காரணம் ஒன்றும் இருக்காது. காகிதமும் கையுமாக யார் வந்தாலும் வீட்டில் ஓர் ஆளைக் குறைத்துச் சொல்லிவைப்பது ஒரு முன்னெச்சரிக்கை, அவ்வளவுதான். "ஆளு பொய் சொல்லும் சார், செருப்பு சொல்லாது" என்றார் என்னிடம்.

மற்ற நாட்களில் அவர் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அரசாங்கத்துக்குத் தன் ஜனங்கள் எத்தனை பேர், என்ன செய்து பிழைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத் தோன்றும்போதெல்லாம் இந்தப் பக்கத்து இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் இவரை அனுப்புகிறது. இது இரண்டாவது முறை. வயது நாற்பத்தெட்டு. உயரம் குறைவு, நடை வேகம். உடைந்த கரும்பலகையிலிருந்து அறுத்தெடுத்த ஒரு துண்டுதான் எழுதும் அட்டை. கேட்டதைப் பென்சிலில் எழுதுவார். நம்பியதை மையில் எழுதுவார். இரண்டுக்கும் நடுவே சில வீடுகளில் அரை நாள் ஓடிவிடும். ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "எண்ணுற டீச்சர் வந்துட்டாங்க" என்றால் நாய்கூட எழுந்து ஓரமாகப் போய்ப் படுத்துக்கொள்கிறது.

படிவம் முடியும்வரை எந்த வீட்டிலும் டீ குடிக்க மாட்டார். "டீ குடிச்சா உறவாயிடும் சார். உறவுக்காரங்ககிட்ட யாரு உண்மை சொல்லுவா?" என்பது அவர் கட்சி. பாதி வீடுகளில் அவரிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள். மீசை வைத்து, பிள்ளை பெற்று, டிராக்டர் ஓட்டுகிறவர்கள்கூட அவரைக் கண்டதும் விசுக்கென்று எழுந்து கைகட்டிக்கொள்கிறார்கள். "உக்காந்தே சொல்லலாம், வாய்ப்பாடா கேக்குறேன்?" என்று அதட்டுவார். அதற்கும் எழுந்து நின்றுதான் சரி என்கிறார்கள்.

வயது கேட்பதுதான் பெரும்பாடு. ஒரு பெரியவர் தன் வயது அறுபத்தைந்து என்றார். பத்து வருஷத்துக்கு முன்னாலும் அதையேதானே சொன்னீர்கள் என்று டீச்சர் நினைவூட்டியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆமா, அப்பவும் அறுவத்தஞ்சுதான் சொன்னேன். நேரத்துக்கு ஒரு பேச்சு பேசுற ஆளு நான் இல்ல."

இதெல்லாம் சில்லறைச் சண்டைகள். டீச்சரின் உண்மையான போர் ஒரே ஒரு சொல்லோடுதான். அந்தச் சொல் 'சும்மா'.

தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும் வீட்டு ஆண் தன் தொழிலைச் சொல்லிவிட்டு, மனைவியைக் கட்டைவிரலால் காட்டி, "அவ சும்மாதான் இருக்கா" என்பார். டீச்சர் உடனே பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்.

"சரி. காலைல எத்தனை மணிக்குச் சும்மா இருக்க ஆரம்பிக்கறாங்க?"

"அது... அஞ்சு மணிக்கு எழுந்து மாட்டைக் கறப்பா."

"எத்தனை மாடு?"

"மூணு."

"அப்புறம் சும்மாவா?"

"அப்புறம் புல்லு அறுக்கப் போவா. வந்து ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போவா. மத்தியானம் துடைப்பம் கட்டுவா, நாளைக்கு அம்பது. வேற ஒண்ணும் இல்ல டீச்சர்."

சொல்லச் சொல்ல அந்த மனிதருக்கே குரல் இறங்கிக்கொண்டு போகும். உள்ளேயிருந்து மனைவி, "துடைப்பம் அறுவது" என்று திருத்துவார். டீச்சர் அறுபது என்று எழுதுவார்.

நான் மாவட்டப் புள்ளிவிவர அலுவலகத்தில் இருக்கிறேன். வந்து சேரும் படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை. டீச்சரை நேரில் பார்ப்பதற்கு முன்பே அவர் குரல் எனக்குப் பழக்கம். தொழில்களுக்கு ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை எண்கள் உண்டு. தொண்ணூற்றொன்பது என்றால் 'இதர'. பட்டியலில் இல்லாத ஒரு தொழில் கிடைத்தால் எல்லோரும் தொண்ணூற்றொன்பதைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். டீச்சர் எனக்குப் போன் செய்வார்.

"சார், எழுப்பிவிடுறதுக்கு என்ன எண்ணு?"

"எதை எழுப்பறதுக்கு?"

"ஆளுங்களை சார். இங்க ஒரு பொண்ணு தினம் விடியறதுக்கு முன்னாடி பால் வண்டி டிரைவருங்க பதினோரு பேரைப் போன் போட்டு எழுப்பிவிடுது. அது ஒரு நாள் தூங்கிட்டா டவுன்ல பால் கிடையாது."

"இதரன்னு போடுங்க டீச்சர்."

"இதரன்னா யாரு சார்? இதரன்னு பேர் வச்சு யாராவது பொறந்திருக்காங்களா?"

அன்று அரைமணி நேரம் தேடி, 'தொலைபேசி வழிச் சேவை' என்ற இடத்தில் அந்தப் பெண்ணை உட்கார வைத்தோம்.

இந்த நிலையில்தான் இரண்டு இடிகள் ஒன்றாக விழுந்தன. எங்கள் அலுவலகக் கணினி டீச்சரின் படிவங்களை விழுங்க மறுத்தது. 'இப்பகுதியில் வேலை செய்யாதோர் எண்ணிக்கை நம்ப முடியாத அளவு குறைவு, சரிபார்க்கவும்' என்று சிவப்பு எழுத்தில் துப்பியது. அதே வாரம் ஒரு புகார் மனுவும் வந்தது. எல்லோருக்கும் வேலை கொடுத்த டீச்சர் ஒருவரிடமிருந்து மட்டும் வேலையைப் பிடுங்கிவிட்டாராம். 'பரம்பரை விவசாயியாகிய என்னை வேலை தேடுபவன் என்று எழுதியது உழுதுண்டு வாழும் ஒட்டுமொத்த மக்களுக்கே இழுக்கு' என்று ஆள் வைத்து எழுதி, கீழே 'மூன்று பிரதிகள்' என்றும் குறித்து அனுப்பியிருந்தார் அந்த ஒருவர். ஊரில் அவருக்குச் சேர்மன் என்று பெயர். எக்காலத்திலும் சேர்மனாக இருந்தவர் இல்லை. ஒரு முறை தேர்தலில் நின்றார். வாக்குகள் போய்விட்டன, பட்டம் தங்கிவிட்டது.

மேலதிகாரி என்னை அழைத்துச் சொன்னார்: "போய்ப் பாருங்க. தப்பு நிறைய இருந்தா வேற ஆளை விட்டு மொத்தத்தையும் திரும்ப எடுத்துடலாம். அந்தம்மா பணிப்பதிவேட்டுல ஒரு குறிப்பும் எழுதிடலாம்."

பத்தொன்பது வருஷமாக ஒரு குறிப்பும் இல்லாத பதிவேடு அது. விஷயத்தைச் சொன்னபோது டீச்சர் முகம் சற்று வெளுத்தது. ஆனால், "பன்னெண்டு வீடு பாருங்க. எந்த வீடுன்னு நீங்களே சொல்லுங்க. நான் தேர்ந்தெடுத்தேன்னு இருக்கக் கூடாது" என்றார்.

நான் சொன்ன வரிசையில் பதினொரு வீடுகளைப் பார்த்தோம். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். கேள்விகளை நான்தான் கேட்டேன். ஆறாவது வீட்டில் ஒரு கிழவர் கட்டிலில் படுத்திருந்தார். இவர் நிச்சயம் சும்மாதான் என்று பென்சிலைத் தூக்கினேன். "தாத்தா என்ன பண்றாரு?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "தூளி ஆட்டுறாரு" என்றாள் மருமகள். அப்போதுதான் பார்த்தேன். கிழவரின் கால் கட்டைவிரலில் ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனையில் ஒரு தூளி ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுத் தூளியிலிருந்தும் ஒரு கயிறு ஜன்னல் வழியாக வந்து மற்றக் காலில் முடிந்திருந்தது. இரண்டு வீட்டுப் பெண்களும் வயலுக்குப் போவது அந்த இரண்டு கால்களை நம்பித்தான். டீச்சரின் படிவத்தைப் புரட்டினேன். 'குழந்தை பராமரிப்பு, இரண்டு வீடு' என்று மையில் எழுதியிருந்தது.

பதினொன்றும் சரி. பன்னிரண்டாவது, சேர்மன் வீடு.

இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் சேர்மன் எங்களுக்காகக் காத்திருந்தார். நாற்காலிகள் தயாராகப் போட்டிருந்தன. அவர் மனைவி அப்போதுதான் வயலிலிருந்து வந்து, முழங்கால் வரை சேறோடு தூணில் சாய்ந்து நின்றார்.

"உக்காருங்க சார். நீங்க பெரிய ஆபீசர். நீங்களே கேளுங்க, நான் விவசாயியா இல்லையான்னு."

"போன வாரம் வயல்ல என்ன வேலை செஞ்சீங்க?"

"மேற்பார்வை."

"என்ன பயிர் போட்டிருக்கு?"

"சோளம்" என்றார் கம்பீரமாக.

மனைவி தொண்டையைச் செருமினார். "வெங்காயம்."

"வெங்காயம்" என்றார் சேர்மன், கம்பீரம் சற்றும் குறையாமல். "சோளம் போன தடவை."

"போன தடவை சூரியகாந்தி" என்றார் மனைவி.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீச்சர் ஜெயித்துவிட்டார் என்று அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. சேர்மனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையில என்ன கறுப்பு?" என்றார். மூன்றாம் வகுப்பில் நகம் பார்க்கும் குரல். ஐம்பது வயதுச் சேர்மன் இரண்டு கைகளையும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"கிரீஸ் டீச்சர்" என்றார் மனைவி. "நேத்து மேட்டுத் தோட்டத்துல மோட்டார் எரிஞ்சுபோச்சு. பொழுதன்னைக்கும் கிணத்துக்குள்ளதான் இருந்தாரு."

"நேத்து மட்டுமா?"

"வாரத்துல நாலு நாள் இதேதான். சுத்துவட்டாரத்துல எந்த மோட்டார் நின்னாலும் இவரைத்தான் வண்டியில ஏத்திட்டுப் போறாங்க. பத்து வருஷமா நடக்குது."

டீச்சர் சேர்மன் பக்கம் திரும்பினார். "இதை ஏன் அன்னிக்கு என்கிட்ட சொல்லலை?"

சேர்மன் தலையைக் குனிந்துகொண்டார். "அது என்ன வேலையா டீச்சர்? கூப்பிடுறாங்க, சும்மா போறேன். எங்கப்பா நிலம் வச்சு வாழ்ந்த மனுஷன். அவர் பையன் ஸ்பேனர் தூக்கிக்கிட்டு அலையறான்னு கவர்மெண்டு காகிதத்துலயும் ஏறணுமா?"

"தண்ணி வரலைன்னா எந்த நிலம் வாழும்?" என்றார் மனைவி. கேலியாகச் சொல்லவில்லை. "நான் நடுறேன். இவர் தண்ணி கொண்டாறாரு. இதுல என்ன கேவலம்?"

பிறகு டீச்சர் என்னிடம் சொன்னார். "தப்பு என்னோடது சார். அன்னிக்கு இவர் ரொம்பப் பேசினாரு. வாய் இவ்வளவு ஓடுதே, கை எங்க ஓடப்போகுதுன்னு நெனச்சுட்டேன். வாயைப் பார்த்தேன், கையைப் பார்க்கலை."

"சின்ன விஷயம்தானே, ஆபீஸ்ல வச்சு நானே திருத்திக்கிறேன். அறிக்கையில ஒண்ணும் வேண்டாம்" என்றேன். அந்தப் பதிவேட்டை நினைத்துத்தான் சொன்னேன்.

"எழுதுங்க சார். பன்னெண்டு வீட்டுல ஒரு தப்புன்னு எழுதுங்க. அந்த ஒண்ணை மறைச்சா மத்த பதினொண்ணை யாரு நம்புவா?"

எழுதினேன். வேறு வழி தெரியவில்லை.

டீச்சர் என்னிடமிருந்து படிவத்தை வாங்கி, அடிக்கோலை வைத்து, பழைய வரியை மெலிதாக ஒரே கோட்டில் அடித்தார். மேலே 'பம்பு மோட்டார் பழுதுபார்ப்பவர்' என்று பென்சிலில் எழுதி, மனைவியிடம் ஒரு முறை படித்துக் காட்டிவிட்டு, அதன் மேலேயே மையில் எழுதினார். பக்கத்தில் முழுக் கையெழுத்துப் போட்டார்.

"எண்ணு என்ன சார்?"

"நாப்பத்தொண்ணு."

"இதர இல்லையே?"

"இல்லவே இல்ல."

சேர்மன் மெல்ல நெருங்கி வந்தார். "துணைத்தொழில்னு ஒரு கட்டம் இருக்கே டீச்சர். அதுல விவசாயின்னு..."

"வயல்ல என்ன இருக்கு?"

"வெங்காயம்!"

"போட்டுடறேன்."

மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சேர்மன் சொன்னார். எங்களுக்கு வந்தவை இரண்டு பிரதிகள்தான், மூன்றாவது எங்கே என்று கேட்டேன். "ஜன்னல்ல ஒட்டியிருக்கேன் சார், வெயில் அடிக்குது" என்றார் மனைவி.

கிளம்பும் நேரத்தில் சேர்மன் தயங்கித் தயங்கி, "எழுதினதை நான் ஒரு தடவை பார்க்கலாமா?" என்றார்.

அந்தத் தாளில் ஆறு வீடுகளின் விவரம் இருந்தது. ஒரு வீட்டுச் சங்கதி இன்னொரு வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பது விதி. டீச்சர் தாளோடு எழுதும் அட்டையை நாற்காலியில் வைத்து அவர் பக்கமாகத் திருப்பினார். குனிந்து, இடது உள்ளங்கையால் மேலேயிருந்த வீடுகளை மூடினார். வலது முழங்கையால் கீழேயிருந்த வீடுகளை மூடினார். நடுவில் சேர்மன் வீடு மட்டும் தெரிந்தது. கிரீஸ் விரல் தாளில் படாமல் சேர்மன் எழுத்துக் கூட்டி, உதடசைய, நிதானமாகப் படித்தார். ஓர் ஈ வந்து டீச்சரின் மூக்கில் உட்கார்ந்தது. மூக்கைச் சுளித்துப் பார்த்தார். உதட்டைக் கோணி மேல்நோக்கி ஊதிப் பார்த்தார். ஈ எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. சேர்மன் வரியை முடித்து, மூச்சு விட்டு, மறுபடியும் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார். டீச்சர் கையை எடுக்கவில்லை.