தலைவெட்டி பங்களாவின் கதவு

திருமலையில் பெருமாளுக்குக் காவல் நிற்கிற ஜெயனும் விஜயனும் ஒரே நாளில் லீவு கேட்டால், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒற்றை ஆளாக நிற்கக்கூடியவன் இந்தப் பூலோகத்தில் கோவர்த்தனன் மட்டும்தான். கையில் வாளோடு ஐந்நூறு ரவுடிகளைப் புத்தூரிலிருந்து ரேணிகுண்டா வரை ஓட ஓட விரட்டியவன்.

அந்த வாள் அவனுடையதல்ல. புத்தூரில் வெள்ளைக்கார ரயில்வே அதிகாரிகள் கட்டிவிட்டுப் போன பங்களாவில் கூடுகிற ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்துடையது. அதன் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் ‘சகோதரரே’ என்று கூப்பிட்டுக்கொண்டு, கதவைச் சாத்திச் சடங்கு செய்வார்கள். பிறகு ஏழைப் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பற்றிப் பேசுவார்கள். ஊர் இதை நம்புமா? உள்ளே தலை வெட்டுகிறார்கள் என்று முடிவு கட்டி, தலைவெட்டி பங்களா என்று பேரும் வைத்துவிட்டது. கூட்டம் நடக்கும்போது கதவுக்கு வெளியே ஒருவன் வாளோடு நிற்பது சங்கத்து வழக்கம். வெளியே மூன்று முறை தட்டினால் உள்ளிருப்பவரும் மூன்று முறை தட்டிப் பதில் சொல்வார். அப்புறம்தான் தேக்குக் கதவின் இரும்புத் தாழ்ப்பாள் விலகும்.

விஜயபுரத்தில் கூலிக்குக் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்த கோவர்த்தனனுக்கு அந்த வாசல் வேலை கிடைத்தபோது, “தலையோட வூட்டுக்கு வந்து சேரு, அது போதும்” என்றாள் மனைவி மல்லிகா.

தொண்ணூறுகளில் சகோதரர்களின் பிள்ளைகள் பெங்களூர், அமெரிக்கா என்று பறந்தார்கள். பெற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். மிஞ்சியது காது மந்தமான மூன்று கிழவர்கள். அதில் ஒருவர் டாக்டர் ரங்கையா. காது பாதிதான் கேட்கும். ஆனால் மல்லிகாவின் பிரசவத்தில் தாயையும் பிள்ளையையும் மீட்டுக் கொடுத்த கை அவருடையது.

பைபாஸ் வந்து நிலம் விலை ஏறியதும், பிளாட் போட்டு விற்கும் ஹரிபாபு அந்த இடத்தைக் கேட்டான். கிழவர்கள் மறுத்தார்கள். அந்தச் சமயம் பார்த்து பஜாரில் ஒரு பையன் காணாமல் போனான். “வேற எங்க? தலைவெட்டி பங்களாவுலதான்” என்று டீக்கடையில் நின்று கொளுத்திப் போட்டான் ஹரிபாபு.

பொழுது சாயும் நேரம். கரண்ட் இல்லை. உள்ளே மூன்று பேரும் சடங்கில் இருந்தார்கள். கூட்டம் கேட்டை உடைத்துக்கொண்டு வந்தது.

“புள்ளைய எங்கடா வெச்சிக்கீறீங்க?”

“பங்களா காலிப்பா. இன்னிக்குக் கூட்டம் இல்ல. உள்ள ஒருத்தரும் இல்ல.”

உள்ளே ஆள் இருப்பது தெரிந்தால் மூன்று பிணம் விழும் என்று கோவர்த்தனனுக்குத் தெரியும்.

சைக்கிள் செயின் வாயில் விழுந்தது. பல் தெறித்தது. வாளை ஓங்கினான், கூர் மழுங்கிய வாள். அதைப் பிடுங்கி அதாலேயே அவன் தோளெலும்பை உடைத்தார்கள். கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தார்கள். ஒருவன் செங்கல்லால் விரல்களை நசுக்கினான். “தலுப்பு தீய்ரா!” என்று தெலுங்கிலும், “தொறடா கதவ!” என்று தமிழிலும் அடி விழுந்தது. அவன் கதவில் வாய் வைத்து ஒரு சத்தம் கொடுத்தால் போதும், அந்தக் குரலை நம்பி டாக்டர் திறந்துவிடுவார். அவன் வாயைத் திறக்கவில்லை.

ஹரிபாபு அவன் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, நெற்றியைக் கதவில் மோதினான். ரத்தம் பீய்ச்சியது. மறுபடி மோதினான். வலது கண் அதோடு போயிற்று. இன்னொரு முறையும் மோதினான்.

காலி பங்களாவுக்குள்ளிருந்து பதில் வந்தது.

டொக். டொக். டொக்.

“வெட்டின தலைங்கடா!” என்று கூட்டத்தில் ஒருவன் அலறினான். அவ்வளவுதான். ஓடுகிற ஓட்டத்தில் ஹரிபாபு கேட்டில் வேட்டி மாட்டிக் குப்புற விழ, அவன் கூட்டிவந்தவர்களே அவன் முதுகெலும்பின் மேல் ஏறி ஓடினார்கள். அதற்கப்புறம் அவன் நிமிர்ந்து நடக்கவில்லை. காணாமல் போன பையன், தாய்மாமனோடு திருப்பதி பஸ்ஸிலிருந்து லட்டு துன்னுக்கினே இறங்கினான்.

தாழ்ப்பாள் விலகியது. உள்ளே இருட்டு, வெளியேயும் இருட்டு.

“தட்டினியே கோவர்த்தனா, யாரு வந்தது?” என்றார் டாக்டர்.

“யாரும் இல்ல சார். நீங்க நடத்துங்க” என்று சொல்லிவிட்டுத்தான் மயங்கி விழுந்தான்.

கிழவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். பங்களா இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கோவர்த்தனன் திருப்பதியில் ஒரு ஏடிஎம் வாசலில், ஒற்றைக் கண்ணோடும் ஒரு தடியோடும் உட்கார்ந்திருக்கிறான். இந்தக் கதையை எழுதியவன் மல்லிகாவின் தங்கை மகன்; அங்கே போய்ப் படித்துக் காட்டினான். கோவர்த்தனன் கண்ணை மூடிக் கேட்டான்.

“ஐந்நூறு பேரா? முப்பது இருப்பானுங்கோ. நான் எவனயும் தொரத்தலடா.”

“சும்மா ஒரு கெத்துக்கு, பெரீப்பா.”

“அது கெடக்கு. கதவுல மூணு தபா மோதுனான். ஒண்ணுதான படிச்ச? மிச்சத்த முழுங்கிக்கினு தாண்டிட்ட.”

“தொண்ட கட்டிக்கிச்சி.”

“வாங்கினவன் நானு,” என்றான் கோவர்த்தனன். “உனுக்கு இன்னாத்துக்குடா வலிக்குது?”