உடும்பு இறுக்கிய குழாய்

குழாய் பதிக்கிறவருக்குத் தெருவில் உடும்பு என்றுதான் பெயர். அவர் மாட்டிய இணைப்பில் ஒரு சொட்டு கசியாது. அந்தப் பெருமையில் மனுஷனுக்குத் தலைகால் புரியாது. சொந்தத் தெருவுக்கே புதுக் குழாய் பதித்தபோது, ஒரு குழாயின் வாய்க்குள் அடுத்ததைச் செருகி, நடுவே ரப்பர் வளையம் வைத்து, உள்ளே விரல் அளவு இடம் விடச் சொன்னார் பொறியாளர் அம்மா. நிலநடுக்கம் வந்தால் குழாய் அசைந்து கொடுக்க வேண்டுமாம். ஆடுகிற பல்லையா கட்டச் சொல்கிறார் என்று கிண்டலடித்த உடும்பு, அந்தம்மா தலை மறைந்ததும் முட்டும்வரை தள்ளி, சுற்றிலும் சிமெண்டை அப்பி மூடிவிட்டார்.

நிலம் ஆடியது. வீடுகள் விரிசலோடு தப்பின. அடுத்த தெருவில் தண்ணீர் வந்தது, இங்கே நின்றுவிட்டது. தோண்டிப் பார்த்தால் இணைப்புக்கு இணைப்பு சிமெண்ட் நொறுங்கி, குழாய் வாய் பிளந்து கிடந்தது. உடும்புக்கு அப்போதே விளங்கிவிட்டது. பொறியாளர் அம்மாவும் பார்த்தார், தெருவில் யாரிடமும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பிரசவத்துக்கு வந்திருந்த உடும்பின் மகள் கைக்குழந்தையோடு திண்டாடினாள். எதிர்வீட்டுக்காரிதான் லாரியில் முண்டியடித்துப் பிடித்த தண்ணீரில் தினமும் ஒரு வாளி கொண்டுவருவாள். "அண்ணா, குழந்தைக்கு" என்று கூப்பிட்டுக் கையில் கொடுப்பாள். நம்ம தெருவில்தான் ஆட்டம் அதிகம் போல, இல்லாவிட்டால் நீங்கள் போட்டது உடையுமா என்று ஆறுதலும் சொல்வாள். உடும்பு கூனிக் குறுகிப் போவார். வாளியை மட்டும் வாங்கிக்கொள்வார்.

பொறியாளர் அம்மா புதுக் குழாய்களோடு வந்தார். இவற்றுக்கு வாய் நீளம். உள்ளே ஒரு தடுப்பு வளையம் வேறு. முன்னும் பின்னும் அசையும், கழன்று வராது. தெருவே கூடி மறுத்தது. ஆடுகிற குழாய் வேண்டாம், உடும்பு போட்ட மாதிரியே இறுக்கிப் போடுங்கள் என்றார்கள். அந்தம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

எதிர்வீட்டுக்காரி உடும்பின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கண்ணா. நீங்க சொன்னா சரி."

சும்மா இருந்தால் பெயர் பிழைக்கும். அடுத்த ஆட்டத்தில் இதே தெரு, இதே பேரப்பிள்ளை, மறுபடி லாரிக்குக் காத்துக் கிடக்கும். உடும்பு குழியைப் பார்த்தபடியே பேசினார்.

"நான் சிமெண்ட் வெச்சு இறுக்கினதாலதான்மா உடைஞ்சுது. அவங்க சொன்ன மாதிரி விட்டிருந்தா, நமக்கும் தண்ணி வந்திருக்கும்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

சாயங்காலம் வழக்கம்போல வாளி வந்தது. வாசலில் வைக்கிற சத்தம் கேட்டுத்தான் உடும்பு கதவைத் திறந்தார். எதிர்வீட்டுக்காரி அதற்குள் பாதித் தெருவைக் கடந்திருந்தாள். அண்ணா என்று கூப்பிடவில்லை.