ஒரே கிண்ணத்தில் இரண்டு வண்டுகள்

தெருவில் அவளைப் பூச்சியக்கா என்பார்கள். காட்டு ஆராய்ச்சி நிலையத்தின் பூச்சி அறையில் வேலை. பால்காரர் ஊற்றும்போது அளவுக் குவளையின் அடியைக் குனிந்து பார்ப்பாள். பூட்டிய கதவைப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். "யாரையாவது சந்தேகப்படலைன்னா உனக்குச் சோறு இறங்காதே" என்பார் கணவர்.

அந்தக் குணத்துக்குத் தோதான வேலைதான் வாய்த்திருந்தது. காட்டுச் சருகுக்குள் வாழும் குட்டை இறக்கை வண்டுகளை இனம் பிரிப்பது. எள்ளைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். மேலிறக்கை பாதி முதுகோடு நின்றுவிடும். மிச்ச உடம்பு, சட்டை போதாத பிள்ளையின் வயிறு மாதிரி வெளியே தெரியும். தொட்டால் தேளைப் போல வாலைத் தூக்கும். பார்வைக்குப் பல இனங்கள் ஒரே அச்சு. வால்நுனியைத் திறந்து, ஆணின் உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் எது எந்த இனம் என்று சொல்ல முடியும்.

அடுத்தவர்கள் பெயரிட்ட வண்டுகளுக்குச் சீட்டு எழுதியே காலம் போன அவளுக்கு, கொக்கி போல வளைந்த உறுப்பு ஒன்று கிடைத்தது. எந்த நூலிலும் இல்லாத வளைவு. ஓடைக்கரையில் பிடித்த கறுப்புக் கால் வண்டு அது. அந்த உறுப்பைக் காய்ந்துபோன உடம்போடு ஓர் அட்டையில் ஒட்டி, தலையின் பளபளப்பிலிருந்து கழுத்துக் குழிவரை அளந்து, புதிய இனம் என்று விவரித்து எழுதி முடித்துவிட்டாள். முதல்முறையாக அவள் வைக்கும் பெயர். அனுப்புவதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசை எறும்புக்காரர் வந்து நுண்ணோக்கியில் குனிந்தார். அவளைவிட இளையவர், எறும்புகளைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காதவர்.

"இந்தக் கறுப்புக் காலை நான் எறும்புப் புற்றுக்குப் பக்கத்துல எப்பவும் பார்க்கிறேனேக்கா. வெளியில அத்தனையும் பழசு. உள்ள மட்டும் எப்படிப் புதுசு?"

வயிற்றெரிச்சல் என்று அவள் முடிவு கட்டினாள். அன்றிலிருந்து தேநீர் குடிக்கப் போனாலும் இழுப்பறையைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோனாள். அவர் தொலைபேசியில் குரலைத் தாழ்த்தினால் தன் வண்டைப் பற்றித்தான் என்று காதைத் தீட்டினாள். ஒருமுறை நெருங்கிப்போய்க் கேட்டதில், அவர் மாமியாரின் மூட்டுவலியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். மாமியாரை வைத்து மறைக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அவர் கேட்ட கேள்வி முள்ளாகத் தங்கிவிட்டது. வீட்டில் பிள்ளைகளின் காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றது. அன்றைக்கு வாலைத் திறக்குமுன் இளக வைக்க வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டது ஒரு வண்டா? இரண்டு. கறுப்புக் காலும் சிவப்புக் காலும், ஒரே கிண்ணத்தில். இரண்டின் வாலையும் அடுத்தடுத்துத் திறந்திருந்தாள். கொக்கியைக் கறுப்புக் காலுக்குக் கீழே ஒட்டினாள். வழக்கமான உறுப்பைச் சிவப்புக் காலோடு ஒட்டி, நிறம் இன்னும் முற்றாத இளவண்டு என்று பெட்டியில் ஒதுக்கிவிட்டாள். எது எதிலிருந்து வந்தது? சத்தியம் செய்ய அவளால் முடியவில்லை.

வேறு ஆண் வண்டுகள் வேண்டும். காட்டுக்குக் கிளம்பியபோது எறும்புக்காரரும் கூடவே வருவதாகச் சொன்னார். இடத்தைத் தெரிந்துகொள்ளத்தான் வருகிறார் என்று அவளுக்குப் பட்டது. ஓடைக்கரையை விட்டுவிட்டு, எதிர்ச் சரிவுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒன்றும் இருக்காது என்பது அவள் கணக்கு. சும்மா பேருக்குச் சருகைச் சல்லடையில் போட்டு, வெள்ளைத் துணியில் சலித்தாள். அவரோ புற்றோரம் குப்புறப் படுத்து, உறிஞ்சு குழாயால் இழுத்து இழுத்து, ஒரு குப்பி நிறைய வண்டுகளைக் கொண்டுவந்து நீட்டினார். கறுப்புக் காலும் இருந்தது, சிவப்புக் காலும் இருந்தது.

"எறும்பெல்லாம் எனக்கு. வால் தூக்குறதெல்லாம் உங்களுக்கு" என்றார்.

இந்த முறை ஒவ்வொன்றுக்கும் தனிக் கிண்ணம். கறுப்புக் கால் அத்தனையிலும் வழக்கமான உறுப்புதான் இருந்தது. கொக்கி இருந்தது சிவப்புக் காலில். இளவண்டு என்று ஒதுக்கியதுதான் புதிய இனம். அவள் அளந்து எழுதியதெல்லாம் ஊரறிந்த பழைய வண்டின் உடம்பு. அனுப்பியிருந்தால், இல்லாத ஒரு வண்டுக்குப் பெயர் வைத்தவளாக ஆயிருப்பாள்.

முதல் வரியிலிருந்து திரும்ப எழுத வேண்டியதாயிற்று. இனத்துக்குச் சாட்சியாக வைக்கும் வண்டின் அடியில், பிடித்த இடத்தையும் பிடித்தவர் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக் குத்த வேண்டும். அது என்றைக்கும் அங்கேயே இருக்கும். பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தாள். பிறகு எதிர்ச் சரிவு என்றும், எறும்புக்காரரின் பெயரையும் எழுதினாள்.

அவர் சீட்டைப் படித்தார். "இடம் சரிதானே? அன்னைக்கு நீங்க கீழ ஓடையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

அவளுக்குக் காது சுட்டது. இழுப்பறையைத் திறந்து, இன்னும் வாலைத் திறக்காத ஒரு சிவப்புக் காலைத் தனிக் கிண்ணத்தில் அவர் முன்னால் வைத்தாள்.

"இதை நீங்க திறந்து பாருங்க தம்பி. நான் சொன்னேன்னு நம்பாம பாருங்க."

அவர் இடுக்கிக்குக் கை நீட்டினார். அவள் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கொடுத்தாள்.